முழங்கைல எக்ஸ்ட்ரா எலும்பு: எக்ஸ்ரே ரூம்ல எங்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் எக்ஸ்ரே எடுக்குறவன், டாக்டர் இல்ல. இத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பிலிம் கைக்கு வந்ததும் டாக்டர பாக்கப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குறது என்னைத்தான், "தம்பி ஒடஞ்சிருக்கா, சும்மா சொல்லு"ன்னு. ரிப்போர்ட் சொல்றது என் வேலை இல்லன்னு சொல்லி அனுப்பிடுவேன். ஆனா ஒரு வகை பிலிம் இருக்கு, அதுல ஒடைசலும் இருக்காது, நார்மலாவும் இருக்காது, முழங்கை பக்கத்துல கொட்டை மாதிரி சின்னதா ஒரு எலும்பு தனியா நிக்கும். ரிப்போர்ட்ல "ஆக்சஸரி ஆசிக்கிள்"னு, அதாவது கூடுதலா ஒரு குட்டி எலும்புன்னு, ஒரு வரி போட்டிருக்கும், வீட்டுக்குப் போனதும் யாராவது அத கூகுள்ல போட்டுப் பாத்துட்டு ராத்திரி முழுக்க தூங்க மாட்டாங்க. அப்படி வந்து கேட்டவங்களுக்கு நான் சொன்னதையும், எங்க ஆர்த்தோ டாக்டருங்ககிட்டயும் எக்ஸ்ரேவ பாத்து ரிப்போர்ட் எழுதுற ரேடியாலஜிஸ்ட்கிட்டயும் நின்னு கேட்டுக் கத்துக்கிட்டதையும் சேத்து எழுதிருக்கேன்.

எக்ஸ்ட்ரா எலும்புன்னா என்ன? எல்லாருக்கும் இருக்குமா?

முழங்கைல மொத்தம் மூணு எலும்புதான் சந்திக்குது. மேல இருந்து வர்ற புஜத்து எலும்பு ஹியூமரஸ், கீழ சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். இந்த மூணும் இல்லாம நாலாவதா ஒண்ணு சின்னதா தெரிஞ்சா அதத்தான் ஆக்சஸரின்னு சொல்றாங்க. எல்லாருக்கும் இருக்காது. கணுக்கால் பாதம் பக்கம் இந்த மாதிரி எலும்பு சர்வ சாதாரணம், நானே அடிக்கடி பாக்குறேன், ஆனா முழங்கைல ரொம்ப அபூர்வம், ஒருத்தருக்கு இருந்தாலே டாக்டருங்க அத கட்டுரையா எழுதி ஜர்னலுக்கு அனுப்புற அளவுக்கு அபூர்வம்.

தசைநார்க்குள்ளயே உருவாகுற எலும்புன்னு ஒரு ஜாதி இருக்கு, அதுக்கு சீசமாய்டுன்னு பேரு. சீசமேன்னா எள்ளு, அந்த சைஸ்ல இருக்குறதால வந்த பேரு. ஆனா அந்த ஜாதியிலயே பெரியது எதுன்னு கேட்டா நம்ம முழங்கால் சில்லு, அத எள்ளுன்னு சொன்னா யாராவது ஒத்துக்குவாங்களா.

முழங்கைல எந்தெந்த எடத்துல வரும்?

முக்கியமா ரெண்டு எடம், மூணாவதா ஒண்ண எலும்புன்னு சொல்றத விட முள்ளுன்னு சொல்லலாம்.

முதல் எடம் முழங்கைக்குப் பின்னாடி ஒரு குழி. கைய மடக்கி முழங்கை முனைய தொட்டுப் பாருங்க, அந்தக் கூர்மையான எலும்புக்கு ஒலிக்ரனான்னு பேரு, கைய நீட்டும்போது அது ஹியூமரஸோட பின்பக்கக் குழிக்குள்ள போய் உக்காரும். அந்தக் குழிக்குள்ள தனியா ஒரு எலும்புத்துண்டு கிடந்தா அதுக்குப் பேரு ஆஸ் சூப்ராட்ராக்லியாரே டார்சாலே. பேரப் பாத்து பயந்துடாதீங்க, லத்தீன்ல "கப்பிக்கு மேல, பின்பக்கம் இருக்குற எலும்பு", அவ்ளோதான் அர்த்தம். கப்பின்னா கிணத்துல கயிறு ஓடுற அதே கப்பிதான், ஹியூமரஸோட கீழ்முனை அந்த வடிவத்துல இருக்கும். முன்பக்கம் இருக்குற குழியிலயும் இதே மாதிரி துண்டு வரலாம், ஆனா அது இன்னும் கம்மி.

ரெண்டாவது எடம், ஒலிக்ரனானுக்குக் கொஞ்சம் மேல, புஜத்துக்குப் பின்னாடி இருக்குற ட்ரைசெப்ஸ் தசையோட நாருக்குள்ள. இதுக்கு பட்டெல்லா க்யூபிடைன்னு பேரு, அதாவது முழங்கைக்கு ஒரு சில்லு. முழங்காலுக்கு சில்லு இருக்கு, முழங்கைக்கு ஏன் இல்லன்னு ஸ்கூல்ல நான் கேட்டு வாத்தியார்கிட்ட திட்டு வாங்கிருக்கேன், சிலருக்கு நெஜமாவே இருக்குங்குறது வேலைக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சது. வவ்வாலுக்கும் பென்குயினுக்கும் அந்தப் பக்கத்துல இந்த மாதிரி எலும்பு சாதாரணமாவே உண்டு.

மூணாவது முழங்கைக்கு 5 செ.மீ. மேல, உள்பக்கமா, ஹியூமரஸ்ல இருந்தே நீட்டிக்கிட்டு நிக்கிற முள்ளு, சூப்ராகாண்டைலர் ப்ராசஸ். இது தனித்துண்டு கிடையாது, ஆனா இதையும் "எலும்பு வளந்திருக்கு"ன்னு சொல்லித்தான் கொண்டு வருவாங்க. இத பத்தி கீழ தனியா சொல்றேன்.

பொறக்கும்போதே இருக்குமா, இல்ல அடிபட்டு வருதா?

இதுல டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. பின்குழி எலும்ப எடுத்துக்குங்க, ஒரு கட்சி அது வளரும்போதே தனியா உருவானதுன்னு சொல்லுது, இன்னொரு கட்சி இல்ல, எப்பவோ அடிபட்டு பேந்த குருத்தெலும்புத் துண்டு ஜாயிண்ட் தண்ணியில மெதந்து போய் அந்தக் குழியில செட்டில் ஆகி அங்கயே கொஞ்சம் கொஞ்சமா பெருத்துருச்சுன்னு சொல்லுது. 1983ல இந்த எலும்ப பத்தி எழுதின ரெண்டு பேர், ஓபர்மன், லூஸ், இது நார்மல் வேரியண்ட்தான், அதாவது சிலருக்கு இயல்பாவே இருக்குற வித்தியாசம்தான், ஆனா தொந்தரவும் குடுக்கலாம்னு எழுதினாங்க. வலது கையிலயும் ஆம்பளைங்களுக்கும்தான் ஜாஸ்தி பாத்திருக்காங்க, அதனால வேலை செய்ற கையில விழுற இடியும் ஒரு காரணமா இருக்கும்னு நெனைக்க எடம் இருக்கு.

முழங்கை சில்லுலயும் இதே கதைதான். நெஜ சீசமாய்டா இருக்கலாம், இல்ல ஒலிக்ரனானோட முனை சின்ன வயசுல தனி எலும்பா இருந்து 14ல இருந்து 17 வயசுக்குள்ள ஒட்ட வேண்டியது, ஒட்டாம நின்னு போயிருக்கலாம். ஒரு பிலிம வச்சு இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது.

அது எலும்பு முறிவு இல்லன்னு எப்படி தெரியுது?

இதுதான் விஷயமே, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

முதல்ல ஓரத்தப் பாப்பாங்க. புதுசா ஒடைஞ்ச துண்டு ஓரம் பிஞ்ச பப்படம் மாதிரி கூர் கூரா இருக்கும், நல்ல எலும்போட ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு தெரியும், ஒடைஞ்ச பக்கத்துல அது இருக்காது. பழைய எலும்பு அப்படி இல்ல, ஆத்துக் கூழாங்கல் மாதிரி வழவழன்னு, சுத்தி முழுக்க ஒரு வெள்ளைக் கோடு ஓடும், அந்தக் கோடு எலும்போட கெட்டியான மேல்தோல். ரெண்டாவது, துண்ட எடுத்துப் பக்கத்து எலும்புல மனசால பொருத்திப் பாருங்க. ஒடைஞ்ச சட்டி ஓடு மாதிரி சரியா பொருந்தினா அது முறிவு, பொருந்தலன்னா வேற. மூணாவது, பின்குழியில ரொம்ப நாளா கெடக்குற எலும்பு அந்தக் குழியையே மாத்திடும், குழி அகலமாகி சுவர் கெட்டியாகி இருக்கும், நேத்து ஒடைஞ்சதுக்கு குழி இன்னைக்கே மாறாது.

இன்னொண்ணு, முழங்கை ஜாயிண்டுக்குள்ள கொழுப்புத் திட்டு இருக்கு, உள்ள ரத்தம் கட்டினா அது தூக்கிக்கிட்டு எக்ஸ்ரேல கறுப்பா முக்கோணமா தெரியும், பாய்மரம் மாதிரி. முன்பக்கம் லேசா தெரிஞ்சா பரவால்ல, பின்பக்கம் தெரிஞ்சு அடிபட்ட கதையும் இருந்தா முறிவுக் கோடு கண்ணுக்குத் தெரியாட்டியும் முறிவு இருக்கும்னு வச்சுத்தான் டாக்டர் பாப்பாரு. இது தெரியணும்னா சைடு வியூ கரெக்டா கைய 90 டிகிரி மடக்கி எடுக்கணும், நீட்டி வச்சு எடுத்தா பின்பக்கக் கொழுப்பு ஒண்ணுமில்லாதவங்களுக்கும் தெரிஞ்சு பயமுறுத்தும். அதனாலதான் வலிக்குதுன்னு நீங்க கத்தும்போதும் நான் "இன்னும் கொஞ்சம் மடக்குங்கண்ணே"ன்னு உயிர வாங்குறது, கோவிச்சுக்காதீங்க.

வலியே இல்ல, வேற எதுக்கோ எடுத்த எக்ஸ்ரேல தெரிஞ்சுது. ஏதாவது பண்ணணுமா?

ஒண்ணும் பண்ண வேணாம். ரிப்போர்ட்ட பத்திரமா வைங்க, அவ்ளோதான்.

வலி இருக்கு, எலும்பும் இருக்கு. அப்ப இதுதானே காரணம்?

அவசரப்படாதீங்க. முழங்கை வெளிப்பக்கம் வலிச்சா பெரும்பாலும் டென்னிஸ் எல்போதான், டென்னிஸ் மட்டைய கையால தொடாதவங்களுக்கும் வரும், துணி பிழியிறவங்க, ஸ்பானர் பிடிக்கிறவங்க, நாள் முழுக்க மௌஸ் பிடிக்கிறவங்க. அந்த வலிக்கும் பின்குழியில கெடக்குற எலும்புக்கும் சம்பந்தமே இருக்காது, எலும்பு பாவம் சும்மா கெடக்கும், பழி மட்டும் அது மேல விழும்.

பின்குழி எலும்பு தொந்தரவு பண்ணா அதுக்குன்னு ஒரு மாதிரி இருக்கு: வலி முழங்கைக்குப் பின்னாடி இருக்கும், கைய முழுசா நீட்டுற அந்தக் கடைசிக் கட்டத்துல குத்தும், கதவிடுக்குல புளியங்கொட்டை மாட்டினா கதவு கடைசி ரெண்டு விரக்கட சாத்தாதே அந்த மாதிரி கையும் முழுசா நீளாது, சில சமயம் நடுவுல டக்குனு லாக் ஆகி அப்புறம் விடும். பந்து வீசுறவங்க, ஈட்டி எறியிறவங்க, வாலிபால்ல ஸ்மாஷ் அடிக்கிறவங்க, பாக்ஸிங் பண்றவங்க, கைய வெடுக்குனு நீட்டி நீட்டி வேலை செய்றவங்களுக்குத்தான் இது தெரிய வரும். அது வரைக்கும் பல வருஷம் சத்தமில்லாம இருந்திருக்கும், ஒரு நாள் கீழ விழுந்து கைய ஊணினதும் ஆரம்பிக்கும்.

முழங்கை சில்லு இருக்குறவங்க கைய தலைக்கு மேல தூக்கி நீட்டிப் பாக்கணும். வலிச்சாலும் நீட்ட முடியுதுன்னா ஒரு மாதிரி, விழுந்தப்புறம் கை நீட்டவே தெம்பில்லன்னா அது ட்ரைசெப்ஸ் நார் எலும்புத் துணுக்கோட பிச்சுக்கிட்டு வந்திருக்கலாம், அத "பொறவி எலும்பு"ன்னு விட்டுடக்கூடாது, அன்னைக்கே ஆர்த்தோவ பாக்கணும்.

எனக்கு சின்ன வயசுல இருந்தே கை முழுசா நீளாது. அப்ப எனக்கும் இருக்கா?

நீளாததுக்கு நூறு காரணம் இருக்கு. முத்தையா முரளிதரனுக்கு முழங்கை பொறக்கும்போதே முழுசா நீளாது, அது எக்ஸ்ட்ரா எலும்பு இல்ல, மூட்டோட அமைப்பே அப்படி. 1995 மெல்போர்ன் டெஸ்ட்ல அதுக்காக அவர போட்டு நோ பால் நோ பால்னு கொன்னாங்க, அப்புறம் அளந்து பாத்தா கிட்டத்தட்ட எல்லா பவுலருக்கும் கை கொஞ்சமாவது நீளுதுன்னு தெரிஞ்சு ஐ.சி.சி. எல்லாருக்கும் 15 டிகிரின்னு ஒரே கணக்கு வச்சுது. சின்ன வயசுல முழங்கை ஒடஞ்சு கோணலா கூடினவங்களுக்கும் நீளாது. சாப்பிட, தலை சீவ, சட்டை போட எல்லாத்துக்கும் 30ல இருந்து 130 டிகிரி வரைக்கும் அசைஞ்சா போதும்னு ஒரு கணக்கு உண்டு, அதனால கடைசி 10 டிகிரி போனது பல பேருக்கு வருஷக்கணக்கா தெரியவே தெரியாது, நான் டேபிள் மேல கைய நீட்டச் சொல்லும்போதுதான் "அட ஆமா"ம்பாங்க.

எம் பையனுக்கு 8 வயசு, எக்ஸ்ரேல நாலஞ்சு துண்டு தனித்தனியா தெரியுது, நெஞ்சே நின்னுருச்சு!

அம்மா, அது நார்மல். கொழந்தைங்க முழங்கைல பாதி குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேல தெரியாது, அதுக்குள்ள ஆறு எடத்துல ஒவ்வொண்ணா எலும்பு முளைக்கும். தோராயமா 1, 3, 5, 7, 9, 11ன்னு ஒத்தப்படை வயசுல ஒவ்வொண்ணு, பொம்பளப் புள்ளைங்களுக்கு கொஞ்சம் முன்னாடியே வந்துரும். அதுலயும் அந்தக் கப்பி எலும்பு முளைக்கும்போதே பல துண்டா முளைக்கும், பாத்தா நொறுங்கின மாதிரியே இருக்கும், ஆனா ஒண்ணும் ஆகல.

ஆனா ஒரே ஒரு எடத்துல கவனமா இருக்கணும். முளைக்கிற வரிசையில முழங்கையோட உள்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற உள்பக்க மேடு முதல்ல, கப்பி அதுக்கப்புறம். பிலிம்ல கப்பி எடத்துல ஒரு துண்டு இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடியே வந்திருக்க வேண்டிய உள்பக்க மேட்டக் காணோம்னா, அந்தத் துண்டு கப்பியே இல்ல, மேடு பிச்சுக்கிட்டு ஜாயிண்டுக்குள்ள போய் மாட்டியிருக்கு. முழங்கை எறங்கி தானா உள்ள போன பசங்களுக்கு இது நடக்கும். இத "வளர்ற எலும்பு"ன்னு விட்டா கை கெட்டுப் போகும்.

அந்த முள்ளு எலும்பு, சூப்ராகாண்டைலர், அத பத்தி சொல்றேன்னீங்களே?

நூத்துல ஒருத்தருக்கு இருக்கும்னு சொல்றாங்க, மத்ததோட பாத்தா இது ஜாஸ்தி. முள்ளு நுனியில இருந்து முழங்கை உள்மேடு வரைக்கும் ஒரு நார் ஓடும், ஸ்ட்ரதர்ஸ் லிகமெண்ட்னு பேரு, ஸ்காட்லாந்து அனாட்டமிக்காரர் ஜான் ஸ்ட்ரதர்ஸ் 19ஆம் நூற்றாண்டு நடுவுல இத பத்தி எழுதினாரு. ஒரு அப்பாவுக்கும் அவரோட ஏழு புள்ளைங்கள்ல நாலு பேருக்கும் இருந்ததுன்னு அவர் எழுதினத டார்வின் 1874ல எடுத்துக்காட்டிருக்காரு, ஏன்னா பூனை குடும்பத்துல அந்த எடத்துல நெஜமாவே ஒரு எலும்பு ஓட்டை இருக்கும், கைக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் அதுக்குள்ள நுழைஞ்சு போகும். நமக்கு அந்த ஓட்டையோட மிச்சம்தான் இந்த முள்ளும் நாரும்.

தொந்தரவு எங்கன்னா, சிலருக்கு கைக்குப் போற மீடியன் நரம்பு இந்த நாருக்கு அடியில போய் நசுங்கும். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும், பாக்க அப்படியே மணிக்கட்டு நரம்பு நசுங்குற கார்ப்பல் டனல் மாதிரி. மணிக்கட்டுல ஆபரேஷன் பண்ணியும் மரப்பு போகலன்னு வர்றவங்கள்ல எப்பவாவது ஒருத்தருக்கு பிரச்சனை மேல இந்த முள்ளுல இருக்கும். நேர் வியூல இது ஒளிஞ்சுக்கும், கொஞ்சம் சரிச்சு எடுத்தாத்தான் தெரியும்.

சிலர் இத கட்டின்னு நெனச்சு பயப்படுவாங்க. ஆஸ்டியோகாண்ட்ரோமான்னு எலும்புல ஒரு சாதுவான கட்டி உண்டு, அதோட மூக்கு மூட்ட விட்டு வெளிய பாத்து இருக்கும், இந்த முள்ளோட மூக்கு முழங்கையப் பாத்து கீழ நோக்கி இருக்கும். இந்த ஒத்த வித்தியாசத்த சொல்லிக் குடுத்த ரேடியாலஜிஸ்ட் அம்மாவ நான் இன்னைக்கும் நெனச்சுக்குவேன்.

முழங்கைய இடிச்சா கரண்ட் அடிக்குதே, அது எக்ஸ்ட்ரா எலும்பாலயா?

இல்ல. அது உள்மேட்டுக்குப் பின்னாடி தோலுக்கு அடியிலேயே ஓடுற அல்னார் நரம்பு. உலகத்துல எல்லாருக்கும் அடிக்கும்.

எண்ணெய் போட்டு உருவினா கரைஞ்சுடுமா?

எலும்பு கரையாது. அத விடுங்க, அடிபட்ட முழங்கைய உருவவே கூடாது. இத நான் சத்தமாவே சொல்லுவேன். உடம்புல மத்த எடத்துல சுளுக்கு வழிச்சு விட்டு சரியாயிருக்கலாம், நான் மறுக்கல, எங்க பாட்டியே நல்லா வழிப்பாங்க. ஆனா முழங்கை ஒரு தனி பிறவி, அடிபட்ட முழங்கைய போட்டு உருவினாலோ, மடங்காத கைய பலமா மடக்கினாலோ, சதைக்குள்ள கட்டின ரத்தம் எலும்பா மாற ஆரம்பிக்கும், மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ்னு சொல்வாங்க. வரும்போது இல்லாத எக்ஸ்ட்ரா எலும்ப நாமளே உருவாக்கிக்கிறது. பக்கெட்ல தண்ணி நெறச்சு தூக்கினா கை நீளும்னு சொல்றாங்களே, அதையும் சேத்துத்தான் சொல்றேன்.

சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் எடுக்கணுமா?

வலி இல்லன்னா தேவையில்ல. கை லாக் ஆகுது, ஆபரேஷன் பத்தி டாக்டர் யோசிக்கிறார்னா சி.டி. எடுத்தா துண்டு எத்தனை, குழிக்குள்ள எங்கன்னு துல்லியமா தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தா எலும்புக்குள்ள நீர் கோத்திருக்கா, குருத்தெலும்பு எப்படி இருக்குன்னு தெரியும், அதாவது இந்த எலும்பு சும்மா கெடக்கா இல்ல இடிபட்டுக்கிட்டு இருக்கான்னு. ஒண்ணுக்கு பதிலா பத்து பதினஞ்சு சின்ன உருண்டை ஒரே சைஸ்ல தெரிஞ்சா அது வேற வியாதி, ஜாயிண்டோட உள்ஜவ்வுல இருந்து உதிர்றது, அதுக்கு வைத்தியமே வேற.

முழங்கை எக்ஸ்ரே கதிருக்கு பயப்படாதீங்க, மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் சும்மாவே நம்ம மேல படுற கதிரோட சில மணி நேரத்து அளவுதான் அது.

ஆபரேஷன் பண்ணா சரியாகுமா?

முதல்ல ஓய்வு, வலி மாத்திரை, கைய வெடுக்குனு நீட்டுறத கொஞ்ச நாள் நிறுத்துறது. அதுக்கும் அடங்காம லாக் ஆகுறவங்களுக்கு பின்பக்கமா சின்னதா கீறியோ, ஆர்த்ராஸ்கோப்னு சொல்ற குழாய் கேமரா விட்டோ அந்தத் துண்ட எடுத்துடுவாங்க. இதுல பெரிய எதிரி எலும்பு இல்ல, ஆபரேஷனுக்கப்புறம் வர்ற இறுக்கம். முழங்கை மாதிரி சீக்கிரம் இறுகிப் போற ஜாயிண்ட் வேற கிடையாதுன்னே சொல்லலாம், அதனால வலிக்குதுன்னு கைய தூளியில போட்டுக்கிட்டு வாரக்கணக்கா உக்காரக்கூடாது, பிசியோ சொல்ற நாள்ல இருந்து நீங்களா மெதுவா அசைக்கணும். அடுத்தவங்க புடிச்சு அழுத்துறது வேணாம்.

அடிதடி கேஸ்ல இந்த எலும்பு பிரச்சனை பண்ணுமா?

பண்ணும், சிரிக்காதீங்க. இந்திய சட்டத்துல எலும்பு முறிஞ்சா அது கொடுங்காயம், பழைய ஐ.பி.சி. 320, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 116. முறியலன்னா பெரும்பாலும் சாதாரண காயம். ரெண்டுக்கும் தண்டனையில எவ்ளோ வித்தியாசம்னு வக்கீல்கிட்ட கேளுங்க. பல வருஷமா முழங்கையில சும்மா கெடந்த எலும்ப ராத்திரி டூட்டியில அவசரத்துல முறிவுன்னு எழுதிட்டா ஒருத்தன் ஜெயிலுக்குப் போற அளவுக்குப் போகலாம், நெஜ முறிவ பொறவி எலும்புன்னு எழுதிட்டா அடி வாங்கினவனுக்கு அநியாயம். அதனால சந்தேகம் வந்தா இன்னொரு முழங்கையையும் எடுத்துப் பாப்போம். ரெண்டு பக்கமும் அதே எடத்துல அதே துண்டு இருந்தா பாதி சந்தேகம் தீந்துரும். ஒரு பக்கம் மட்டும் இருந்தா அதனாலேயே முறிவுன்னும் ஆகிடாது, இந்த எலும்புங்க ஒத்தக் கையில வர்றதும் உண்டு. அப்ப ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க, முறிவா இருந்தா அதுக்குள்ள ஆற ஆரம்பிச்சு ஓரம் மாறியிருக்கும், பழைய எலும்பு நான் முதல்ல எடுத்த படத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்.

பழைய பிலிம தூக்கிப் போட்டுடலாமா?

ஐயோ வேணாம். மேல சொன்ன எல்லா ஆராய்ச்சியையும் விட பெரிய சாட்சி அதுதான், 5 வருஷம் முன்னாடி எடுத்த பிலிம்லயும் அதே துண்டு இருந்தா பேச்சே முடிஞ்சது. பீரோவுக்கு மேல வெயில் படுற எடத்துல வைக்காதீங்க, இப்ப வர்ற பிலிம் சூடு பட்டா கறுத்துடும். ஜன்னல்ல புடிச்சு போன்ல போட்டோ எடுத்து வச்சா ஓரத்துல இருக்குற அந்த வெள்ளைக் கோடு தெரியாது, எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குற சி.டி. டிஸ்க்ல போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்குங்க, எந்தக் கை எந்த தேதின்னு கவர் மேல பேனால எழுதிடுங்க.